கம்பின் விருந்தாளி

ஜிண்டெர் விமானத்தளத்தின் ஓரம்
வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள்
இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன.
ஒன்றின் குமிழில் ஈரத்திரி.
காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு
திறந்து பார்த்து எழுதுவது என் உத்தியோகம்.
மார்ச்சில் திரி அடிக்கடி காய்ந்துபோகும்.
சொட்டுச் சொட்டாக நனைக்கிறேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றித்துணியை நனைப்பதுபோல.
ஈரப்பதம் ஒன்பது.
எழுதிவிட்டு முகம் துடைத்தால்
கைக்குட்டையில் வடக்குப் பாலை.

அக்டோபரில் கதிர் அறுத்தார்கள்.
ஜனவரியில் குதிர்களின் அடி தெரிந்தது.
ஆண்கள் கானோவுக்குப் போனார்கள், மூட்டை தூக்க.
பெண்கள் டானூட் சாலையில்
பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு லாரி ஏறினார்கள்.
நகரம் உப்பியது.
தண்ணீர்க் குழாயடியில் வரிசை இரண்டு மடங்கு,
இரவில் விளக்குகள் இரண்டு மடங்கு,
நான்கு பேர் படுத்த பாய்களில் எட்டுப் பேர்.
அந்த எட்டில் என் தங்கை ஹாப்சு,
அவள் பிள்ளைகள் மூவர்.
கடைக்குட்டி லவாலிக்கு மூன்று வயது.
லாரி ஹாரன் மாதிரியே கத்துவான்.

தட்டம்மைக்கு இங்கே
கம்பின் விருந்தாளி என்று ஒரு பெயர்.
கம்பு தீர்ந்தபின் வருகிறவனுக்கு
இப்படிப் பெயர் வைத்தவர்
நல்ல கேலிக்காரராக இருந்திருக்க வேண்டும்.
கதவைத் தட்டமாட்டான்.
இருமிய பிள்ளை எழுந்து போனபிறகும்
அந்த அறையில்
இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பான்.

தடுப்பூசி போடும் ஸுவேரா
மோட்டார் சைக்கிளில் நீலப்பெட்டியைக் கட்டியபடி சொன்னாள்:
"சாலை இருக்கிற மாதத்தில் ஐஸ் நிற்காது.
ஐஸ் நிற்கிற மாதத்தில் சாலை நிற்காது.
உங்கள் தங்கை ஊருக்கு
ஆகஸ்டில் போனேன், ஆறு குறுக்கே படுத்திருந்தது.
ஏப்ரலில் போனேன்,
பெட்டிக்குள் வெந்நீர்."

ஒருநாள் அவள் பதிவேட்டையும் என்னுடையதையும்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம்.
மழைதான் நோயைக் கழுவுகிறது என்று
இருபது வருடம் நம்பியிருந்தேன்.
அவளுடைய எண்கள் விழுந்தது
முதல் துளிக்கு ஒன்பது நாள் முன்னால்.
அன்று என்ன நடந்தது?
தேடினேன். என் கையெழுத்தே இருந்தது.
காற்று தென்மேற்குக்குத் திரும்பியதென்று
நான் எழுதிக் கொடுத்ததை
வானொலியில் ஹவுஸாவில் வாசித்த மாலை அது.
மறுநாள் விடிகாலை
பாய்கள் சுருட்டப்பட்டன, விதைமூட்டைகள் ஏறின,
லாரிகள் வடக்கே போயின.
ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படாத தூரத்தில்
குடும்பங்கள் வயல்களில் சிதறின.

இந்த வருடம் மே பன்னிரண்டு.
காற்று திரும்பியது. திரும்பியதுபோல் இருந்தது.
பொய்க்காற்று என்றால்
விதைத்த கம்பு மண்ணிலேயே வறுபடும்,
இரண்டாம் விதைப்புக்கு யாரிடமும் விதை கிடையாது.
எழுதவில்லை.
இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்று
ஆறு நாள் பார்த்தேன்.

நான்காம் நாள் லவாலியின் கண்கள் சிவந்தன.
அப்புறம் காதின் பின்னாலிருந்து புள்ளிகள்.
அப்புறம் சீழ், இரண்டு காதிலும்.
ஸுவேரா வைட்டமின் கொடுத்தாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பிழைத்துவிட்டான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மூன்று, மாலை நாலரை,
தகரக் கூரையில் கல் கொட்டியதுபோல் வந்தது.
வீட்டில் எல்லோரும் அண்ணாந்தார்கள்.
ஹாப்சு வாய்விட்டுச் சிரித்தாள்.
லவாலி தரையில்
கோலிக்குண்டை உருட்டிக்கொண்டிருந்தான்,
முதுகு காட்டி,
தலையைத் தூக்கவில்லை.
கூரை ஓட்டையிலிருந்து ஒரு துளி
புறங்கையில் விழுந்தபிறகுதான்
நிமிர்ந்து, எங்கள் வாய்களைப் பார்த்தான்,
ஒவ்வொன்றாக.

பெட்டியைத் திறக்க நேரமாகிவிட்டது.
திரியை நனைக்க வேண்டியிருக்கவில்லை.
ஈரப்பதம் எழுபத்தாறு.
மழை பதினெட்டு மில்லிமீட்டர்.
குறிப்பு என்ற கட்டத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்தேன்.
மை ஊறி
பின்பக்கம்வரை போயிற்று.